நூற்றிருபது பிள்ளைகளும் பாதியில் நின்ற படிப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக வளாகங்களில் எடுத்த படங்களை அனுப்புகிறார்கள். ஒரு படத்தில் பின்னால் ஒரே நிறச் சட்டையில் முப்பது நாற்பது பேர், முன்னால் கொடி பிடித்த வழிகாட்டி. யார் என்று கேட்டேன். சீனாவிலிருந்து வந்த மாணவர்கள், கோடைக்காலக் கல்விப் பயணம் என்றார்கள். இரண்டு மூன்று வாரம் தங்கி, ஹார்வர்டு, யேல் என்று சுற்றிப் பார்த்து, சில வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்புவார்களாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் 1872 ஞாபகம் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் யுங் விங் என்பவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1828இல் தென்சீனாவில், மக்காவ் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏழை வீட்டில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தார். அங்கே ஆசிரியராக இருந்த பிரவுன் என்ற அமெரிக்கர் உடல்நலமில்லாமல் ஊர் திரும்பும்போது, யார் என்னோடு வருகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். எழுந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் யுங் விங். 1847இல் அமெரிக்கா போய், 1854இல் யேலில் பட்டம் வாங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான். ஊர் திரும்பியபோது தாய்மொழியே தடுமாறியதாம், மறுபடி உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

அவர் மனத்தில் ஒரே ஓர் எண்ணம் இருந்தது. தனக்குக் கிடைத்த படிப்பு தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்காகப் பதினேழு வருடம் காத்திருந்தார். செங் குவோஃபான் என்ற பெரிய அதிகாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, ஷாங்காய் ஆயுதச்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து இயந்திரங்கள் வாங்கிவந்து கொடுத்து, நம்பிக்கை சம்பாதித்த பிறகுதான் தன் திட்டத்தை நகர்த்த முடிந்தது. அபினிப் போர்களில் அடிபட்டிருந்த சீன அரசுக்குக் கப்பலும் பீரங்கியும் செய்யத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1871இல் அனுமதி கிடைத்தது.

திட்டம் இதுதான். வருடத்துக்கு முப்பது பேர், நான்கு வருடத்தில் 120 பேர். ஒவ்வொருவருக்கும் 15 வருடப் படிப்பு, செலவு முழுக்க அரசுடையது. திரும்பியதும் அரசு சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் 12, 13 வயது. தகப்பன்மார் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நோயோ சாவோ நேர்ந்தால் அது விதி, அரசு பொறுப்பல்ல என்பது அதன் சாரம். வசதியும் அந்தஸ்தும் உள்ள குடும்பங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய முறையில் அரசுத் தேர்வு எழுதிப் பதவிக்குப் போகும் வழி இருந்தது. முதல் முப்பது பேரைச் சேர்க்கவே ஆள் போதாமல் யுங் விங் ஹாங்காங் வரை போய்த் தேடினார். பெரும்பாலானவர்கள் அவர் பிறந்த குவாங்தோங் மாகாணத்துப் பிள்ளைகள். 120 பேரில் ஒரு பெண்பிள்ளை கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் மாணவிகள் கேட்பார்கள்!

1872இல் முதல் குழு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, ரயிலேறிக் கிழக்குக் கரைக்குப் போனது. அந்த ரயில் பாதை மூன்று வருடத்துக்கு முன்புதான் முடிந்திருந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து அதைப் போட்டவர்களில் பெரும்பாலானோர் இதே குவாங்தோங்கிலிருந்து கூலிக்கு வந்த சீனர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரம் தலைமையிடம். பிள்ளைகளை விடுதியில் அடைக்காமல், சுற்றுவட்டார வீடுகளில் இரண்டு மூன்று பேராகத் தங்கவைத்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான லீ யான் பூ பின்னாளில் ஒரு புத்தகம் எழுதினார். தன்னை அழைத்துப் போக வந்த அம்மையார் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததை அதில் சொல்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியதற்குப் பிறகு அதுதான் தனக்குக் கிடைத்த முதல் முத்தமாம். கூட வந்த பையன்கள் சிரித்திருக்கிறார்கள், இவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கிறது. நீண்ட அங்கியும் முதுகில் தொங்கும் பின்னலுமாகத் தெருவில் நடந்தால், சீனப் பெண்பிள்ளைகள் என்று உள்ளூர்ப் பசங்கள் கத்திக்கொண்டு பின்னால் வருவார்களாம். அங்கியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பின்னலை மட்டும் விட முடியாது. மஞ்சு அரசுக்கு விசுவாசத்தின் அடையாளம் அது. அறுத்தால் ராஜதுரோகம். விளையாடும்போது சட்டைக்குள்ளே சொருகிக்கொண்டார்கள்.

பேஸ்பால் ஆடினார்கள், சொந்தமாக ஓர் அணியே வைத்திருந்தார்கள். 1880இல் யேலுக்கும் ஹார்வர்டுக்கும் நடந்த படகுப் போட்டியில் யேல் படகைச் செலுத்தி வழிகாட்டியவர் ஒரு சீன மாணவர், யேல் ஜெயித்தது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்கு இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஜனாதிபதி கிராண்ட் அவர்களைச் சந்தித்தார்.

இதெல்லாம் நமக்குப் பெருமையாகத் தெரிகிறது. மேற்பார்வைக்கு வந்த சீன அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. பிள்ளைகள் முறைவைத்து ஹார்ட்ஃபோர்டு தலைமையகத்துக்கு வந்து சீன நூல்கள் படிக்க வேண்டும், பேரரசர் இருக்கும் திசை நோக்கித் தரையில் விழுந்து வணங்க வேண்டும். அதில் ஆர்வம் குறைந்தது. சிலர் கிறிஸ்தவரானார்கள், சிலர் பின்னலை அறுத்தார்கள். யுங் விங்கே 1875இல் மேரி கெல்லாக் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்துகொண்டார். இவர்கள் திரும்பிவந்தாலும் நமக்கு ஆகமாட்டார்கள் என்று பீக்கிங்குக்கு அறிக்கை மேல் அறிக்கை போனது.

அந்த அதிகாரிகளை வில்லன்களாக எழுதுவது சுலபம். ஆனால் 12 வயதுப் பிள்ளையை அந்நிய வீட்டில் 15 வருடம் விட்டால் அவன் மாறுவான் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. முட்டாள்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. பீரங்கி செய்யும் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு, போனவன் போனபடியே வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்களே, அங்கே. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளோடு பழகியவன் சொல்கிறேன், கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கு வாத்தியாரை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிற பிள்ளை கிடையாது.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா? இந்தப் பிள்ளைகளை ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சேர்க்க யுங் விங் கேட்டார். இடம் இல்லை என்று பதில் வந்தது. சீன அரசு இவ்வளவு பணம் போட்டதே அதற்காகத்தான்! 1868 உடன்படிக்கையில் சீனர்களுக்குக் கல்வி உரிமை தரப்பட்டிருந்தது. ஆனால் கலிபோர்னியாவில் சீனருக்கு எதிரான வெறி நாளுக்கு நாள் வளர்ந்து, 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டமே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கதவை இழுத்துச் சாத்தின.

தடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. யேல் தலைவர் நோவா போர்ட்டர் சீன அரசுக்குக் கடிதம் எழுதினார். யுங் விங்கின் நண்பர் ட்விச்செல் பாதிரியாரும் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் கிராண்டைப் போய்ப் பார்த்தார்கள், கிராண்ட் லி ஹோங்ஜாங்குக்கு எழுதினார். கொஞ்ச நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். 1881 கோடையில் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது யேலில் மட்டும் இருபது பேரளவில் படித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தத்தில் பட்டம் வாங்கியிருந்தவர்கள் இரண்டே இரண்டு பேர்.

கப்பலுக்குக் காத்திருந்தபோது ஓக்லாண்டு அணி இவர்களைப் பேஸ்பால் ஆட அழைத்தது. சீனர்கள்தானே என்று அலட்சியமாக இறங்கிய அணி தோற்றுப்போனது. ஷாங்காயில் இறங்கியதும் வரவேற்பை எதிர்பார்த்தவர்களைப் பாழடைந்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் அடைத்து வாசலில் காவல் போட்டார்கள். பிறகு யார் என்ன படித்தார் என்று கேட்காமலேயே தந்திக்கு, கடற்படைக்கு, சுரங்கத்துக்கு என்று பிரித்தார்கள். அடுத்து வந்த போர்களில் சிலர் கப்பலிலேயே உயிர்விட்டார்கள்.

பட்டம் வாங்கிய இருவரில் ஒருவர் ஜான் தியன்யூ. யேலில் கட்டடப் பொறியியலும் ரயில்வேயும் படித்தவர். அவரைக் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்! ரயில்வேக்கு வந்து சேர ஏழு வருடம் ஆனது. 1905இல் பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் பாதை போட வேண்டியிருந்தது. பிரிட்டனும் ரஷ்யாவும் அந்த வேலைக்குப் போட்டி போட்டதில், வெளிநாட்டு ஆளே வேண்டாம் என்று முடிவானது. சீனரால் முடியாது என்று எல்லோரும் சிரித்தார்கள். பெருஞ்சுவர் ஓடும் பாதாலிங் மலையை 1,091 மீட்டர் சுரங்கத்தால் துளைத்தார் ஜான். செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஒரு பக்கமாக ஏறி, நின்று, பின்பக்கமாகத் திரும்பி மறுபக்கம் ஏறும்படி பாதையைக் கவட்டை போல அமைத்தார். 1909இல், குறித்த கெடுவுக்கு முன்பே, முடித்துக் கொடுத்தார். பாதியில் படிப்பு நின்றவர்களும் சும்மா இருக்கவில்லை. தாங் ஷாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமரானார்.

இன்னொருவர் லியாங் செங். 17 வயதில் பள்ளிப் படிப்பிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட இவர், 1903இல் அமெரிக்காவுக்கே சீனத் தூதராக வந்தார். பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா கட்டிவந்த நஷ்டஈட்டில் அமெரிக்கா தன் இழப்புக்கு மேல் வாங்குகிறது என்று விடாமல் பேசினார். 1908இல் ஏறத்தாழ 1.1 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் சீன மாணவர்களின் அமெரிக்கப் படிப்புக்கு ஒதுக்கப்பட்டது. 1909இல் முதல் 47 பேரைக் கூட்டிப்போனவர் தாங் குவோஆன், அவரும் 1881இல் திருப்பி அழைக்கப்பட்டவர்தான். அப்படிப் போகிறவர்களைத் தயார்செய்ய 1911இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சிங்ஹுவா பல்கலைக்கழகம்.

யுங் விங் என்ன ஆனார்? மாணவராக இருந்தபோதே, 1852இல், அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தார். 1898இல் அது செல்லாது என்று அமெரிக்க அரசு சொல்லிவிட்டது. அதே சமயத்தில் சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்தார் என்று சீன அரசும் துரத்தியது. 1902இல் எப்படியோ அமெரிக்காவுக்குள் வந்து, மகன் யேலில் பட்டம் வாங்குவதைப் பார்த்தார். 1912 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் காலமானார். அவரைத் துரத்திய மஞ்சு அரசு அதற்கு இரண்டு மாதம் முன்புதான் முடிந்துபோயிருந்தது.

அவர் கல்லறை ஹார்ட்ஃபோர்டு சீடர் ஹில் மயானத்தில் மனைவி மேரியின் பக்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் யாராவது கனெக்டிகட் பக்கம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.