கொல்கத்தாத் திருச்சபைகளின் சமூகப் பணி

கொல்கத்தாத் திருச்சபைகளின் சமூகப் பணி என்பது மேற்கு வங்கத் தலைநகரில் கிறித்தவச் சபைகளும் துறவியரும் பொதுநிலைக் கிறித்தவரும் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கல்வி, மருத்துவம், ஏழைகள் பராமரிப்பு ஆகியவற்றில் ஆற்றிவரும் தொண்டைக் குறிக்கும். நீதிக்காக அவர்கள் எழுப்பிய குரலும் இதில் அடங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் கிறித்தவர் 0.72 சதவீதமே. மலைப்பொழிவில் இயேசு தம் சீடர்களை உலகின் ஒளி என்று அழைத்ததைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொண்ட இந்தச் சிறு கூட்டம், எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரிய தடத்தை நகரில் பதித்திருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. விளக்கை ஏற்றியவர் கிறித்தவர் என்றாலும், எண்ணெய் ஊற்றிய கை பல வேளைகளில் இந்துவுடையது; சில வேளைகளில் இஸ்லாமியருடையது.

தொடக்கம்: கடலூரிலிருந்து வந்தவர்

நகரின் மிகப் பழைய தேவாலயம் பர்ராபஜார் சந்தை நெரிசலுக்குள் நிற்கும் ஆர்மீனியர் கோவில். இது 1724-இல் கட்டப்பட்டது. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கான திருச்சபைப் பள்ளியின் கதையைத் தமிழ்க் கடற்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுவீடன் நாட்டு மறைபரப்பாளர் யோஹான் சக்கரியா கீர்நாந்தர் 1740 முதல் கடலூரில் பணியாற்றினார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கடலூரைப் பிடித்தபோது அவர் இருப்பிடம் இழந்தார். அதே ஆண்டு கல்கத்தா சேர்ந்து, ஆண்டு முடியும் முன்பே ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். பின்னர் தம் சொந்தப் பணத்தில் கட்டிய தேவாலயம் 1770-இல் திறக்கப்பட்டது. சிவப்பாக இருந்ததால் மக்கள் அதை 'லால் கிர்ஜா' என்றார்கள். 1773-இல் இறந்த அவருடைய மனைவி தம் நகைகளை இப்பணிக்கே விட்டுச் சென்றார். அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டடம் எழுந்தது. கடைசிக் காலத்தில் கீர்நாந்தர் கடனில் மூழ்கினார். தேவாலயம் ஏலத்துக்குப் போகும் நிலை வந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கட்டி 1787-இல் அதை மீட்டார்.

கம்பெனி அரசின் ஆங்கிலேயருக்காக எழுந்த தூய யோவான் தேவாலயமும் 1787-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு நிலம் கொடுத்தவர் ஷோபாபஜார் மகாராஜா நவகிருஷ்ண தேவ். அவர் துர்கா பூசையைப் பெரும் விழாவாக நடத்தியவர்.

செராம்பூர்

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த செராம்பூர், தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ் குடியேற்றம். மறைபரப்பாளரைக் கம்பெனி தன் எல்லைக்குள் விரும்பாததால் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் 1800-இல் அங்கே கூடினர். வங்காளப் புதிய ஏற்பாடு 1801-இல் அச்சேறியது. 1818-இல் செராம்பூர் கல்லூரியும் 'சமாசார் தர்ப்பண்' என்ற வங்காள இதழும் தோன்றின. வங்காள உரைநடை அச்சில் வளர்ந்ததில் இந்த அச்சகத்துக்குத் தனி இடம் உண்டு. 1829 டிசம்பரில் உடன்கட்டைத் தடைச் சட்டத்தை வங்காளத்தில் பெயர்க்கும் பொறுப்பு கேரியிடம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தாமதித்தால் ஓர் உயிர் போகலாம் என்பதால், ஆராதனை நடத்தும் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு மொழிபெயர்ப்பில் அமர்ந்தார்.

பள்ளியும் ஆய்வுக்கூடமும்

ஸ்காட்லாந்துச் சபையின் அலெக்சாண்டர் டஃப் 1830-இல் வந்தபோது அவருக்குப் பள்ளி நடத்த இடம் கிடைக்கவில்லை. சித்பூர் சாலையில் பிரம்ம சபை பயன்படுத்திவந்த வீட்டை ராஜா ராம்மோகன் ராய் அவருக்குப் பிடித்துக் கொடுத்தார். முதல் மாணவர்களையும் தேடித் தந்தார். விவிலியம் வாசிக்கச் சொன்னதும் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். படிப்பதாலேயே மதம் மாறிவிடாது என்று எடுத்துச் சொல்லி அவர்களை அமர்த்தியவரும் ராயே. டஃபின் நோக்கத்தில் மதமாற்றம் இருந்தது. அவர் அதை மறைத்ததில்லை. ஆனால் அந்தப் பள்ளி வளர்ந்து உருவான ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியிலிருந்து விவேகானந்தரும் சுபாஷ் சந்திர போஸும் வந்தார்கள். நிறுவியவர் எண்ணியதைவிட அகலமாகவே அந்த ஒளி பரவியது.

தமிழ் வாசகர் தவறவிடக் கூடாத கண்ணி இன்னொன்று உண்டு. பெல்ஜியத்திலிருந்து 1865-இல் வந்த இயேசு சபைத் துறவி யூஜின் லாஃபோன் தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். ஜகதீஷ் சந்திர போஸ் அவருடைய மாணவர். இந்தியர் தாங்களே நடத்தும் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்று மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் முயன்றபோது அவருக்குத் தோள் கொடுத்தார் லாஃபோன். இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் 1876-இல் பௌபஜார் தெருவில் தொடங்கியது. லாஃபோன் அங்கே பல ஆண்டுகள் பொதுமக்களுக்குச் சொற்பொழிவாற்றினார். அதே கட்டடத்தில்தான் 1907 முதல் அலுவலக வேலை போக மீந்த நேரத்தில் ஆய்வு செய்த சி. வி. ராமன், 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டறிந்தார்.

பெண்கல்விக்காக அயர்லாந்தின் லொரேட்டோ கன்னியர் 1841 இறுதியில் வந்து இறங்கினர். வங்காளக் கிறித்தவப் பெண்ணான சந்திரமுகி பாசு, கடம்பினி கங்கூலியுடன் சேர்ந்து நாட்டின் முதல் பெண் பட்டதாரிகளில் ஒருவராகிப் பின்னாளில் பெத்யூன் கல்லூரி முதல்வரானார். பார்வையற்றோருக்கான கல்கத்தாப் பள்ளியை 1897-இல் நிறுவிய லால் பிஹாரி ஷாவும் வங்காளக் கிறித்தவரே. திருச்சபைப் பணி என்றதும் வெளிநாட்டார் பெயரை மட்டுமே அடுக்கும் வழக்கம் இவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஜேம்ஸ் லாங்கும் அவுரிக் குடியானவரும்

பள்ளி கட்டுவது எளிது; தன் இனத்தாருக்கு எதிராக நிற்பது கடினம். அயர்லாந்தில் பிறந்த ஆங்கிலிக்கக் குரு ஜேம்ஸ் லாங் 1840-இல் கல்கத்தா வந்து தாகூர்புகூர் பகுதியில் பள்ளி நடத்தினார். ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் முன்பணக் கடனில் மாட்டிவைத்து உழவரை அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்திய காலம் அது. நெல் விளையும் நிலத்தில் சாயப்பயிர் வளர்ந்தது. மறுத்தவருக்கு அடியும் சிறைவைப்பும் கிடைத்தன. 1859-இல் வங்காள உழவர் இனி அவுரி விதைப்பதில்லை என்று எழுந்தனர். தீனபந்து மித்ரா அந்தக் கொடுமையை 1860-இல் 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை முன்னுரை சேர்த்து வெளியிட்டார் லாங். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்பது பரவலான கருத்து.

தோட்ட முதலாளிகள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். 1861 ஜூலையில் நடந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் பெயரை வெளியிட மறுத்த லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டத் தொகையை அப்போதே செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர். மகாபாரதத்தை வங்காளத்தில் தந்த அந்த இந்துச் செல்வருக்கு அப்போது வயது இருபதுக்குச் சற்றே மேல். குரு சிறைக்குப் போனார். கொல்கத்தாவில் எந்தக் கோபுரமும் இதைவிட உயரமானதல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அன்னை தெரசாவும் காளிகாட்டும்

1929-இல் கல்கத்தா வந்து எண்டாலியில் லொரேட்டோ பள்ளி ஆசிரியையாக இருந்த தெரசா, 1948-இல் மடத்தை விட்டு வெளியேறி மோதிஜீல் குடிசைப் பகுதிக்குப் போனார். கரும்பலகை இல்லை, குச்சியால் தரையில் எழுத்துகளைக் கீறிப் பாடம் தொடங்கினார். அடுத்த ஆண்டு கிரீக் சந்தில் கோமஸ் குடும்பத்தார் தங்கள் வீட்டின் மாடியைக் கொடுத்தார்கள். அன்பின் பணியாளர் சபைக்கு 1950 அக்டோபர் 7 அன்று ஒப்புதல் கிடைத்தது. இன்று தலைமை இல்லமாக உள்ள 54ஏ, கீழ்ச் சர்க்குலர் சாலை வீடு, பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்த இஸ்லாமியர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டது.

தெருவில் கிடந்து சாவோருக்காக 1952 ஆகஸ்டு 22 அன்று நிர்மல் ஹிருதய் திறக்கப்பட்டது. காளிகாட்டில் காளி கோவிலுக்கு வரும் பக்தர் தங்கிவந்த சத்திரம் அது. மாநகராட்சி கொடுத்த இடம். கோவிலின் பக்கத்திலேயே கன்னியர் வந்தமர்ந்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. காசநோய் கண்டு எவரும் ஏற்காத கோவில் பூசாரி ஒருவரை அங்கே எடுத்துப் பராமரித்த பிறகு எதிர்ப்பு அடங்கியது என்று அன்னையின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இறந்தவருக்கு அவரவர் மத வழக்கப்படியே இறுதிச் சடங்கு நடந்தது. பின்னர் குழந்தைகளுக்காக சிசு பவனும், டிட்டாகரில் தொழுநோயாளருக்கு நெசவு முதலிய தொழில்களோடு ஒரு குடியிருப்பும் எழுந்தன. 1979-இல் நோபல் பரிசும் 1980-இல் பாரத ரத்னாவும் அன்னையைத் தேடி வந்தன. 1997 செப்டம்பர் 5 அன்று இறந்தார். 2016-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கடுமையான விமர்சனமும் உண்டு. 1994-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், காளிகாட்டில் முறையான நோயறிதலும் வலுவான வலிநீக்கி மருந்துகளும் இல்லை என்று எழுதினார். கொல்கத்தாவில் பிறந்த மருத்துவர் அரூப் சாட்டர்ஜி, நகரையே சாக்கடையாக உலகுக்குக் காட்டிவிட்டார்கள் என்று குறைகூறிப் புத்தகம் எழுதினார். மருந்து பற்றிய குறை நியாயமானது. அன்பு வலிமருந்துக்கு மாற்றாகாது. ஆயினும் மற்றவர் தாண்டிப் போன உடலைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு அந்தக் குறைகளால் வேறு விடை வந்துவிடவில்லை.

சியால்தா

புகழில் காளிகாட்டுக்கு ஈடாகாவிட்டாலும், இன்று பின்பற்றத் தக்க முன்மாதிரி சியால்தா ரயில் நிலையத்தை அடுத்த லொரேட்டோ பள்ளியே. 1979-இல் அதன் முதல்வரான அயர்லாந்துச் சகோதரி சிரில் மூனி, கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைகளோடு குடிசைப் பிள்ளைகளையும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார வைத்தார். காலப்போக்கில் சுமார் 1,400 மாணவியரில் பாதிப் பேர் கட்டணமின்றிப் படித்தனர். 1985-இல் 'ரெயின்போ' திட்டம் வந்தது. நடைமேடையிலும் தெருவிலும் வளர்ந்த சிறுமியர் எப்போது வேண்டுமானாலும் பள்ளிக்குள் வரலாம். மேல்வகுப்பு மாணவியர் ஒவ்வொருவராக அவர்களுக்கு எழுத்துக் கற்றுத் தருவார்கள். அது அந்த மாணவியரின் பாடவேளையிலேயே சேர்க்கப்பட்டது. போக்கிடமில்லாத சிறுமியருக்கு மாடியில் படுக்கை கிடைத்தது. தர்மச் சோறு போடுவதற்கும் பக்கத்தில் இடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். சிரில் 2007-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2023-இல் மறைந்தார்.

பிற சபைகள்

முதியோர் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறு சகோதரிகள் 1882-இலேயே நகருக்கு வந்துவிட்டனர். பேஹாலாவில் ஆக்ஸ்போர்டு மிஷன் ஆதரவற்ற சிறுவருக்கு வயலினும் செல்லோவும் கற்றுத் தந்தது. 1954-இல் வந்த மார்க் பண்டைன், ஹுல்டா பண்டைன் தம்பதியரின் முயற்சியில் அசெம்பிளி ஆஃப் காட் சபைக்குப் பள்ளியும், 1977-இல் பார்க் தெருவில் மருத்துவமனையும் அமைந்தன. தூய பவுல் பேராலயத்தின் நிவாரண அமைப்பு 1970-களில் சுபீர் பிஸ்வாஸ் என்ற குருவின் உழைப்பில் உருவாகிக் குடிசைப் பகுதிகளுக்குச் சென்றது.

கிறிஸ்துமஸை வங்காளியர் 'படதின்', அதாவது பெரிய நாள், என்கிறார்கள். அன்று பார்க் தெரு விளக்குகளைக் காண வருவோரில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். நள்ளிரவு ஆராதனைக்கு வரிசையில் நிற்போரிலும் பலர் அப்படியே.

நினைவிடங்கள்

தாகூரின் நண்பரும் ஒப்பந்தக் கூலித் தமிழர் உள்ளிட்டோருக்காகத் தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் பாடுபட்டவருமான சி. எஃப். ஆண்ட்ரூஸ், 1940-இல் இந்நகரில் இறந்தார். அவர் கல்லறை கீழ்ச் சர்க்குலர் சாலை இடுகாட்டில் உள்ளது. அதே சாலையில், தலைமை இல்லத்தின் தரைத்தளத்தில், அன்னை தெரசாவின் கல்லறையை எம்மதத்தவரும் கட்டணமின்றிக் காணலாம். ஜேம்ஸ் லாங் 1887-இல் லண்டனில் இறந்தார். பேஹாலாவில் டயமண்ட் ஹார்பர் சாலைக்கு இணையாகச் செல்லும் நெடுஞ்சாலைக்கு ஜேம்ஸ் லாங் சரணி என்று பெயர்.