ஒன்றரையின் அடுக்குகள்: தமிழ்நாட்டுக் கணித அறிஞர் இருவர்

ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். அதனை மீண்டும் ஒன்றரையால் பெருக்கினால் மூன்றேகாலே அரைக்கால். இன்னும் ஒருமுறை பெருக்கினால் ஐந்தே வீசம். பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய சிறுவன் இவ்வளவையும் வாய்க்கணக்காகவே சொல்லியிருப்பான். சென்னையிலாயினும் ஜொகூரிலாயினும் இன்று தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவனும் இதனைப் பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

இனி, ஒவ்வொரு விடையிலும் முழு எண்ணை நீக்கிவிட்டு, எஞ்சும் பின்னத்தை மட்டும் நோக்குக. அரை, கால், காலே அரைக்கால், வீசம் என்று அவை வருகின்றன. மேலும் மேலும் பெருக்கிக்கொண்டே சென்றால் இப்பின்னங்கள் சுழிக்கும் ஒன்றுக்கும் இடையே எவ்வாறு பரவும்? எங்கும் சமமாகப் பரவுமா? சில இடங்களை அணுகாமலே விட்டுவிடுமா? கேள்வி எளியது, விடையோ இன்றளவும் எவருக்கும் எட்டவில்லை. எனினும், அவ்விடையை நோக்கிச் சென்ற பாதையில் முதலடிகள் சிலவற்றை எடுத்துவைத்தோருள் தமிழ்நாட்டார் இருவர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர்.

பிள்ளை கண்ட வழி

சு. சி. பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்திலிருந்து செய்த உதவியால் படிப்பைத் தொடர்ந்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கினார். அங்கே அவர் கருத்தைக் கவர்ந்தது, 1770இல் இங்கிலாந்து நாட்டு வாரிங் எழுப்பிய கேள்வியாகும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகவோ எழுதலாம் என்றார் வாரிங். அடுக்கு எதுவாயினும், அதற்கு எத்தனை எண்கள் போதும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கும் ஒன்றரைக்கும் என்ன தொடர்பு? 23 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றின் கனமாகிய 27 இதைவிடப் பெரிது. ஆகவே 8ஐயும் 1ஐயும் கொண்டே இதனைக் கூட்டியாக வேண்டும். இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் சேர்ந்தால் 23. ஆக, ஒன்பது கனங்கள். நான்காம் அடுக்கில் 79 இவ்வாறே இடர் தரும். 81க்குக் குறைந்த அதனை நான்கு பதினாறுகளும் பதினைந்து ஒன்றுகளுமாகவே கூட்ட இயலும், ஆக, பத்தொன்பது. மூன்றின் அடுக்குக்குள் இரண்டின் அடுக்கு எத்தனை முறை அடங்கும் என்பதே இங்கே கணக்கைத் தீர்மானிக்கின்றது. மூன்றை இரண்டால் வகுத்தால் வருவது ஒன்றரையன்றோ! ஒன்றரையின் அடுக்கில் வரும் பின்னம் ஒன்றை மிக அணுகிவிடாதிருக்குமாயின், வேண்டப்படும் எண்ணிக்கையை ஒரே சூத்திரத்தால் சொல்லிவிடலாம் என்று 1936இல் பிள்ளை நிறுவினார். அமெரிக்க அறிஞர் டிக்சனும் அவ்வாண்டிலேயே தனித்து நின்று இதே முடிவை எய்தினார். எஞ்சி நின்ற ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்பதைப் பிள்ளை 1940இல் காட்டினார்.

விஜயராகவன் கண்ட வழி

அதே 1940ஆம் ஆண்டில், வேறொரு வழியே வந்து இதே வாயிலில் நின்றவர் தி. விஜயராகவன். 1902இல் தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் வடமொழியிலும் தமிழிலும் புலமை மிக்க பண்டிதர். இராமானுசரின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய பேராசிரியர் ஹார்டியே இவர் திறனையும் அறிந்து ஆக்ஸ்போர்டுக்கு வரச் செய்தார். தாயகம் திரும்பியபின் அலிகாரில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆந்த்ரே வேயுடன் பணியாற்றினார். வேய் அங்குப் பதவி இழந்தபோது அவ்விடம் விஜயராகவனுக்கு அளிக்கப்பட்டதாகவும், நண்பர் இருந்த இடத்தை ஏற்க மனமின்றி அவர் வேலையைத் துறந்து டாக்கா சென்றதாகவும் வேயின் தன்வரலாறு கூறுகிறது.

ஓர் எண்ணின் அடுக்குகளில் வரும் பின்னங்களைப் பற்றி விஜயராகவன் 1940 முதல் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஒன்றரை போன்ற பின்ன எண்களின் அடுக்குகளில் எஞ்சும் பின்னங்கள் ஓரிரு இடங்களைச் சுற்றி அடங்கிவிடமாட்டா. அவை திரும்பத் திரும்ப வந்து நெருங்கும் இடங்கள் எண்ணிலடங்கா என்பது அவர் நிறுவிய உண்மை. பிரான்சில் பிசோவும் சற்று முன்னர் இதனைக் கண்டிருந்தார்.

இதற்கு நேர்மாறாக அடங்கி ஒழுகும் எண்களும் உண்டு. பொன் விகிதம் எனப்படும் 1.618... என்னும் எண்ணின் அடுக்குகளைப் பார்த்தால் 11.090, 17.944, 29.034, 46.979 என்று முழு எண்களை மேன்மேலும் நெருங்குகின்றன. காரணம் இதுவே: இவ்வெண்ணைத் தரும் சமன்பாட்டுக்கு மற்றொரு மூலமும் உண்டு, அதன் அளவு 0.618... மட்டுமே. இரண்டின் அடுக்குகளையும் கூட்டினால் எப்போதும் முழு எண்ணே வரும். சிறிய மூலத்தின் அடுக்கு தேய்ந்து மறைய, பெரியதன் அடுக்கு முழு எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. இத்தகைய எண்களுக்கு இன்று உலகெங்கும் பிசோ-விஜயராகவன் எண்கள் என்றே பெயர்.

இடைவெளிகள் கூறுவது

பெருக்காமல், ஓர் எண்ணின் மடங்குகளை மட்டும் வரிசையாக எடுத்தால் ஒழுங்கு வியப்பூட்டும். பின்னமாக எழுத முடியாத எண் எதுவாயினும், அதன் மடங்குகளில் எஞ்சும் பகுதிகள் சுழிக்கும் ஒன்றுக்கும் இடையே விடும் இடைவெளிகள் எந்நிலையிலும் மூன்று அளவுகளுக்கு மேற்படா. இது 1950களின் இறுதியில் நிறுவப்பட்டது. அடுக்குகளோ அவ்வாறு அடங்குவனவல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட எண்களுள் ஏறக்குறைய எல்லாவற்றின் அடுக்குகளிலும் பின்னங்கள் சமமாகப் பரவும் என்று 1935இல் கோக்ஸ்மா நிறுவினார். இரண்டிரண்டாக எடுத்து நோக்கினால், அப்பின்னங்களுக்கு இடையேயான தொலைவுகள் முற்றத்தில் தாறுமாறாக விழும் மழைத்துளிகளின் இடைவெளிகளை ஒத்தவை என்பதை ஐஸ்ட்லைட்னரும் பேக்கரும் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர்.

ஆயினும் 'ஏறக்குறைய எல்லா எண்களும்' என்னும் தொடருக்குள் ஒன்றரை அடங்குமா என்பதுதான் தெரியவில்லை. பெருந்திரளின் இயல்பு புலனாகிவிட்டது; கைக்கெட்டும் ஓர் எண்ணின் இயல்பு புலனாகவில்லை. ஒன்றரையின் பின்னங்கள் மூன்றில் ஒரு பங்கினும் குறுகிய இடத்துக்குள் ஒடுங்கிவிடமாட்டா என்பது 1995இல் நிறுவப்பட்டது. பிள்ளையின் நிபந்தனையை மீறும் அடுக்குகள் இருப்பினும் அவை வரம்புக்கு உட்பட்டவையே என்று 1957இல் மாலர் காட்டினார். 1990இல் கணிப்பொறி கொண்டு 47 கோடியே 16 லட்சம் அடுக்குகள் வரை ஆராய்ந்தும், மீறியது ஒன்றேனும் அகப்படவில்லை. அகப்படவே படாது என்பதற்குத்தான் நிறுவல் இல்லை.

1950 ஆகஸ்டு 31ஆம் நாள், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவை அடுத்து நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை மாண்டார். அப்போது அவருக்கு அகவை 49. சென்னை இராமானுசன் கணித நிலையத்தின் முதல் இயக்குநராக விளங்கிய விஜயராகவன் 1955இல் தம் 52ஆம் அகவையில் மறைந்தார். இருவரும் விட்டுச்சென்ற கணக்கு இரண்டேகாலில் தொடங்கி, மூன்றேகாலே அரைக்கால், ஐந்தே வீசம் என்று இன்னும் நீண்டுகொண்டே செல்கின்றது.