டீசல் லாரியின் வெள்ளைப் புகை: பழுதறியும் முறைகளின் வரலாறு

டீசல் லாரியின் புகைக்குழாயிலிருந்து விடாமல் வரும் வெள்ளைப் புகை, சிலிண்டருக்குள் சென்ற டீசல் எரியாமல் வெளியேறுவதையோ, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிவதையோ காட்டும் அறிகுறியாகும். பெரும்பாலும் இதனுடன் எஞ்சின் சீராக ஓடாமல் குலுங்குவதும் சேர்ந்தே வரும். முதல் காரணமாக இருந்தால் ஒரு நாசிலைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடலாம். இரண்டாவது காரணத்தைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சினே போய்விடும். ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. இவற்றைப் பிரித்தறியும் முறைகள் டீசல் எஞ்சினின் வளர்ச்சியோடு சேர்ந்தே உருவாயின.

வெப்பத்தை நம்பிய எஞ்சின்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892இல் விண்ணப்பித்து, 1893இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1897 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் அந்த எஞ்சின் சுமார் 26 விழுக்காடு பயனுறுதிறனைக் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் எட்டாத அளவு அது.

இந்த அடிப்படையிலேயே வெள்ளைப் புகையின் காரணமும் இருக்கிறது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பம் குறைந்தாலோ, எரிபொருள் தவறான நேரத்தில் வந்தாலோ, நுண்ணிய தூறலாகாமல் ஒழுகினாலோ அது பற்றாது. அவ்வாறு பற்றாத டீசல் சூட்டில் ஆவியாகி, புகைக்குழாயில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறுகிறது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் புகை வெண்மையாகத் தெரிகிறது. கரும்புகை மிகை எரிபொருளால் வரும் கரித்துகள். நீலப்புகை எரியும் எஞ்சின் ஆயில்.

லாரிக்கு வந்த டீசல்

தொடக்ககால டீசல் எஞ்சின்களில் எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதிச் செலுத்தினர். அதற்கான கம்ப்ரசரின் எடை காரணமாக அவை ஆலைகளிலும் கப்பல்களிலும் மட்டுமே பயன்பட்டன. பென்ஸ் நிறுவனத்தின் புராஸ்பர் லோரான்ஜ் 1909இல் காப்புரிமை பெற்ற முன்அறை அமைப்பு இந்தச் சுமையைக் குறைக்க வழிகாட்டியது. 1923, 1924 ஆண்டுகளில் பென்ஸ், மான் நிறுவனங்களின் டீசல் லாரிகள் வந்தன. பென்ஸ் முன்அறையையும், மான் நேரடித் தெளிப்பையும் பயன்படுத்தின.

முன்அறையின் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் குளிர்ந்த எஞ்சினில் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அவ்வகை எஞ்சின்களுக்கு மின்சாரத்தால் சூடேறும் குளோ பிளக் தேவைப்பட்டது. குளோ பிளக் கெட்டுப்போனால் காலையில் வெள்ளைப் புகை வரும். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். 'குளிரில் மட்டும் வருகிறதா, சூடான பின்னும் வருகிறதா' என்பதே இன்றும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி.

பம்ப் தந்த சோதனை முறை

ராபர்ட் போஷ் 1922இல் டீசல் தெளிப்புக் கருவிகளை உருவாக்க முடிவெடுத்தார். 1927இல் அவருடைய நிறுவனத்தின் வரிசைப் பம்ப் தொடர் உற்பத்திக்கு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி உந்துதண்டு, தனிக் குழாய், தனி நாசில் என்பது அதன் அமைப்பு. இந்த அமைப்பே ஓர் எளிய சோதனைக்கும் வழிசெய்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போவது நிற்கும். உடனே எஞ்சினின் வேகம் குறைந்து ஒலி மாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் குலுங்கலுக்கு அதுவே காரணம்.

இம்முறையில் ஆபத்தும் இருந்தது. அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். நாசிலிலிருந்து இவ்வாறு ஏற்பட்ட காயம் பற்றி 1937இலேயே அமெரிக்க மருத்துவ இதழொன்றில் பதிவு வெளிவந்தது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் இக்காயம் விரலையே இழக்கச் செய்யலாம்.

எரிபொருளின் தரமும் அக்காலத்தில்தான் அளவிடப்பட்டது. எளிதில் பற்றும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண் 1930களில் நடைமுறைக்கு வந்தது. இந்த எண் குறைந்தால் டீசல் பற்றுவதற்குத் தாமதமாகும்; குளிர்ந்த எஞ்சினில் தட்டும் ஓசையும் வெள்ளைப் புகையும் சேர்ந்து வரும்.

இந்தியச் சாலைகளில்

1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆலை சென்னையை அடுத்த எண்ணூரில் அமைந்தது. டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸ் உதவியுடன் 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. 1951இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைக்கோ, போஷ் வகைப் பம்ப்புகளையும் நாசில்களையும் இங்கேயே தயாரித்தது. லாரித் தொழில் பெருகிய நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் பட்டறைகளும் பெருகின. பம்ப்பையும் நாசிலையும் மட்டும் பார்க்கும் தனிக் கடைகள் உருவாயின. அங்கே நாசிலைக் கைப்பம்ப்பில் பூட்டி அடித்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூறலாக வருகிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

சோதனையின் வரிசை

பழைய லாரிகளில் எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே வழக்கம். முதலில் டேங்கில் தண்ணீர் கலந்துள்ளதா, ஃபில்டர் அடைத்துள்ளதா, குழாயில் காற்று புகுந்துள்ளதா என்று பார்க்கப்படும். காற்றிருந்தால் கைப் பிரைமரை அடித்து வெளியேற்றுவார்கள். அடுத்து நட்டைத் தளர்த்திக் குறையுள்ள சிலிண்டரைக் கண்டறிந்து, அதன் நாசிலை நல்ல சிலிண்டரின் நாசிலோடு மாற்றிப் பூட்டுவார்கள். குறை நாசிலோடு இடம் மாறினால் தவறு நாசிலில். அதே சிலிண்டரில் நின்றால் வால்வு, ரிங், லைனர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே கம்ப்ரஷன் சோதனை தேவைப்படும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரேபோல வெள்ளைப் புகை விட்டால் பம்ப்பின் டைமிங் பின்தங்கியிருக்கலாம். இந்த வரிசையைத் தாண்டி நேராகப் பம்ப்பைக் கழற்றினால் செலவு மிஞ்சும், புகை நிற்காமலும் போகும்.

தண்ணீரா, டீசலா?

எரியாத டீசலின் புகை கண்ணை எரிக்கும், டீசல் வாடை வீசும், காற்றில் தங்கி நிற்கும். நீராவி விரைவில் கலைந்துவிடும். குளிர்விப்பானில் கிளைக்கால் கலந்திருந்தால் இனிப்பான வாடை வரும்; வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய லாரிகளில் அதுவும் இராது. ஆகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறதா, எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்துள்ளதா என்பவை பார்க்கப்பட்டன. இவை இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சிலிண்டர் ஹெட்டிலோ லைனரிலோ விரிசல் இருக்கலாம்.

இந்நிலையில் லாரியை ஓட்டிப் பார்ப்பது பெருந்தவறு. இரவெல்லாம் நின்ற லாரியின் சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால், ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் பிஸ்டன் அதன்மீது மோதும். தண்ணீர் அழுந்தாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும்.

மின்னணுக் காலம்

1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லாரிகளுக்கான காமன் ரெயில் அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டியது. தெளிக்கும் நேரத்தைக் கணினி முடிவு செய்தது. இத்தகைய எஞ்சினில் நட்டைத் தளர்த்தும் பழைய சோதனை உயிருக்கே ஆபத்தானது. அதற்குப் பதிலாக ஸ்கேன் கருவி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மின்வழியே நிறுத்திப் பார்க்கிறது. புகையை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பிலுள்ள கூலர் கசிந்தாலும் வெள்ளைப் புகை வரும் என்பது இக்காலத்தில் சேர்ந்த புதிய காரணம்.

கருவி மாறினாலும் சோதனையின் தருக்கம் மாறவில்லை: ஒரு சிலிண்டரை நிறுத்தி, எஞ்சின் என்ன செய்கிறது என்று கவனிப்பதே இரண்டிலும் நடக்கிறது. ஸ்கேன் கருவி இணைக்க வழியில்லாத வரிசைப் பம்ப் லாரிகளில் ஸ்பேனரும் காதும் மூக்குமே இன்னும் அந்த வேலையைச் செய்கின்றன.