வான்கோழி இல்லாத ஊரின் வேட்டைத் துப்பாக்கி

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் பிறந்தது. ஊர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சிக்கபீ ஃபால்ஸ், கம்பெனி, ஸ்டீவன்ஸ். குண்டின் எடை வெறும் 2.6 கிராம்தான்!

ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் ஸ்டீவன்ஸின் மலிவு ரைஃபிள்கள் பண்ணைப் பையன்களின் கைக்குப் போயின. குறி தப்பினால், அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் முயல் ஓடியே போய்விடும். அதனால் சத்தமில்லாமல் கிட்டே போய், நிதானமாகச் சுடப் பழகினார்கள்.

அணில், முயல் சரி, வான்கோழி? அங்கேதான் வேடிக்கை. பக்கத்து மவுண்ட் டாம் மலையில் இருந்தவையும் தீர்ந்து, 1851-லேயே மாநிலத்தில் காட்டு வான்கோழி இல்லாமல் போயிருந்தது. வேட்டை பாதி, விவசாயத்துக்காகக் காட்டை அழித்தது மீதி.

1972-73-ல் நியூயார்க்கில் பிடித்த 37 வான்கோழிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி இப்போது 30,000-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அங்கே வான்கோழியை ரைஃபிளால் சுடக் கூடாது. ஷாட்கன், வில் மாதிரியானவைதான்.