நனிசைவ அன்றாட உணவின் வரலாறு

நனிசைவம் என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி, தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மட்டுமே உண்ணும் முறையாகும். 'நனி' என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். தமிழில் 'சைவ உணவு' என்ற வழக்கு பாலையும் நெய்யையும் உள்ளடக்கியே வழங்கி வருவதால், அவற்றையும் நீக்கிய உணவைப் பிரித்துக் காட்ட 'நனிசைவம்' என்ற சொல் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் இது 'வீகன்' எனப்படும்.

இவ்வுணவு முறையின் வரலாற்றைக் கொள்கையின் வரலாறாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரு சாதாரண மனிதர் தம் வீட்டு அடுப்பில், எளிய செலவில், உடல்நலம் கெடாமல் இதைக் கடைப்பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாறாகவும் இது உள்ளது. அந்த விடை முழுமையாகக் கிடைக்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முன்னோடிகள்

உயிர்க்கொலையை மறுக்கும் சிந்தனை இந்தியாவில் பழமையானது. சமணமும் பௌத்தமும் அதைப் பரப்பின. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் 'புலால் மறுத்தல்' என்பதாகும். ஆயினும் இந்த மரபுகள் பொதுவாகப் பாலை விலக்கவில்லை. பால் கறப்பதில் கொலை இல்லை என்றே கருதப்பட்டது.

பாலையும் விலக்கியவர்களில் குறிப்பிடத்தக்க பழைய பெயர் அபுல் அலா அல் மஅர்ரி (973–1057). சிரியாவைச் சேர்ந்த இவர் பார்வையிழந்த அரபுக் கவிஞர். பால் கன்றுக்கு உரியது, முட்டை பறவைக்கு உரியது, தேன் தேனீக்கு உரியது என்ற கருத்தைக் கொண்டிருந்தார். ஆனால் அவருடையது தனிமனிதத் துறவு வாழ்வு. பலர் கூடிச் சமைத்து உண்ணும் அன்றாட உணவாக அது வளரவில்லை.

ஐரோப்பாவில் 1847இல் இங்கிலாந்தின் ராம்சுகேட் நகரில் சைவ உணவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்களிடையே பாலும் முட்டையும் சரியா என்ற விவாதம் அடிக்கடி எழுந்தது. 1910இல் ரூபர்ட் வெல்டன் என்பவர் விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவு பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். காரணங்களை விளக்கியதோடு சமையல் குறிப்புகளையும் அதில் சேர்த்திருந்தார்.

டால்சுடாய் பண்ணைச் சோதனை

அதே 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் சொகானசுபேர்க்கு அருகே டால்சுடாய் பண்ணை உருவானது. கட்டடக் கலைஞர் எர்மன் காலன்பாக் தமக்குச் சொந்தமான சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காகக் காந்தியிடம் ஒப்படைத்தார். குசராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எனப் பலரும் அங்கு ஒரே சமையற்கூடத்தில் உண்டனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பண்ணைப் பள்ளியில் தமிழும் கற்பிக்கப்பட்டது. வீட்டில் இறைச்சி உண்டு பழகியவர்களும் அங்கே பொதுச் சமையலில் இறைச்சியின்றி உண்ண ஒப்புக்கொண்டனர்.

1912இல் காந்தியும் காலன்பாக்கும் இப்பண்ணையில் பாலைக் கைவிட்டனர். கறவை மாடுகள் நடத்தப்படும் விதமும், பால் புலனடக்கத்துக்குத் தடை என்ற எண்ணமும் இதற்குக் காரணங்கள். பின்னர் காந்தி சமைத்த உணவையும் குறைத்து, நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றில் வாழ்ந்து பார்த்தார்.

ஊட்டச்சத்து அறிவியல் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 'வைட்டமின்' என்ற சொல்லின் மூல வடிவத்தைக் கசிமிர் ஃபங்க் உருவாக்கியதும் அதே 1912இல்தான். எந்த உணவில் எந்தச் சத்து குறைகிறது, அதை எதைக் கொண்டு ஈடுசெய்வது என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

1918இல் காந்தி கடும் சீதபேதியால் படுக்கையில் விழுந்தார். அந்நோய்க்குப் பால் அருந்தாமை காரணம் அன்று. ஆனால் மெலிந்த உடல் தேற மருத்துவர்கள் பாலையே வற்புறுத்தினர். தாம் உறுதி எடுத்தபோது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்ற வாதத்தைக் கத்தூரிபா முன்வைக்க, காந்தி ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டார். உறுதிமொழியின் சொல்லைக் காத்துப் பொருளை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு இறுதிவரை இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவு ஒன்றை யாரேனும் காட்டினால் ஏற்கத் தயார் என்றும் அவர் எழுதினார். அந்தக் கேள்விக்கு அவர் காலத்தில் தெளிவான விடை கிடைக்கவில்லை.

1944: ஒரு சொல் பிறந்தது

இங்கிலாந்தின் யார்க்சயரில் 1910இல் பிறந்த டொனால்ட் வாட்சன், சிறுவயதில் உறவினரின் பண்ணையில் பன்றி கொல்லப்படுவதைக் கண்டு மனம் கலங்கியவர். 14 வயதில் இறைச்சியை விட்டார். பின்னாளில் தச்சு வேலை கற்பிக்கும் பள்ளி ஆசிரியரானார். இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின் அடிப்படையில் போரில் பங்கேற்க மறுத்தார். நாளடைவில் பாலையும் முட்டையையும் நிறுத்தினார்.

1944இல் பால் உண்ணாத சைவர்களின் கருத்துகளுக்குத் தன் இதழில் தொடர்ந்து இடம் தர சைவ உணவுச் சங்கம் இசையவில்லை. அதனால் அந்த ஆண்டு நவம்பரில் வாட்சனும் வேறு ஐவரும் இலண்டனில் கூடித் தனிச் சங்கம் அமைத்தனர். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 'வீகன்' என்ற பெயர் அமைக்கப்பட்டது. வாட்சன் நடத்திய சிறு காலாண்டுச் செய்திமடலே இயக்கத்தின் முதல் இதழாக இருந்தது.

பங்கீட்டுக் காலச் சமையல்

சங்கம் பிறந்த வேளை சமையலுக்கு உகந்ததாக இல்லை. பிரித்தானியாவில் 1940 சனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்த சைவர்களுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் பாலாடைக்கட்டி வழங்கப்பட்டது. நனிசைவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. வெளிநாட்டுப் பழங்களும் கொட்டைகளும் கிடைப்பது அரிது. போர்க்காலத்தில் பங்கீட்டுக்கு வெளியே இருந்த ரொட்டி, உருளைக்கிழங்கு, தோட்டத்துக் காய்கறி ஆகியவற்றோடு ஓட்சு, பட்டாணி, அவரை வகைகளும் அவர்களுடைய அன்றாட உணவாயின. 1946இல் ஃபே ஹெண்டர்சன் வெளியிட்ட சமையல் நூல் 'வீகன்' என்ற பெயரைத் தாங்கிய முதல் சமையல் நூலாகக் கருதப்படுகிறது.

1948இல் கலிபோர்னியாவில் கேத்தரின் நிம்மோவும் ரூபின் அப்ரமோவிட்சும் ஒரு சங்கம் தொடங்கினர். 1960இல் எச். செய் தின்சா அமெரிக்க நனிசைவச் சங்கத்தை நிறுவினார். இவருடைய தந்தை இந்தியாவிலிருந்து சென்ற பார்சி. தின்சா தம் சங்கத்தின் இதழுக்கு 'அகிம்சை' என்று பெயரிட்டார்.

பி12: மறைந்திருந்த குறை

தொடக்ககால நனிசைவர்களில் சிலர் நலமாக வாழ்ந்தனர். வேறு சிலருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நாக்குப் புண், கை கால் மரத்துப்போதல், முதுகுவலி ஆகியவை தோன்றின. ஒரே உணவை உண்ட இருவரில் ஒருவர் மட்டும் நோயுற்றது ஏன் என்று விளங்கவில்லை.

1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே ஆய்ந்த குழுக்கள் உயிர்ச்சத்து பி12ஐப் பிரித்தெடுத்தன. 1955இல் ஃபிராங்க் வோக்சும் அவருடைய கூட்டாளிகளும் நனிசைவரிடம் காணப்பட்ட அறிகுறிகளை பி12 குறைபாட்டோடு தொடர்புபடுத்தி ஆய்வறிக்கை வெளியிட்டனர். இதன் விளக்கம் பின்வருமாறு:

பி12ஐத் தாவரமும் உருவாக்குவதில்லை, விலங்கும் உருவாக்குவதில்லை. நுண்ணுயிரிகளே உருவாக்குகின்றன. ஆடு மாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடமிருந்து அது பாலுக்கும் இறைச்சிக்கும் வந்து சேர்கிறது. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அளவு சுமார் 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் குறை உடனே தெரிவதில்லை. மேலும் கீரைகளிலும் பருப்புகளிலும் நிறைந்துள்ள ஃபோலேட் இரத்தசோகை வெளிப்படாமல் மறைத்துவிடும். நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளரும். நல்ல கீரையும் பருப்பும் உண்டவர்களே ஏமாந்ததற்கு இதுவே காரணம்.

இக்கண்டுபிடிப்புக்குப் பின் நனிசைவச் சங்கங்கள் பி12 மாத்திரையையோ பி12 சேர்த்த உணவையோ கட்டாயமாகப் பரிந்துரைக்கத் தொடங்கின. இட்லி மாவு, பழைய சோறு போன்ற புளித்த உணவுகளிலும் சுருள்பாசியிலும் போதிய பி12 உண்டு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அவற்றை நம்பத்தக்க மூலங்களாக ஊட்டச்சத்து அறிவியல் ஏற்பதில்லை.

தாவரப் பால்

பாலுக்கு மாற்று என்ற கேள்வியை இலெசுலி கிராசு கையில் எடுத்தார். 1956இல் அவர் முன்னின்று தாவரப் பால் சங்கம் ஒன்றை அமைத்தார். நீண்ட சோதனைகளுக்குப் பின் 1965இல் சோயா அவரையிலிருந்து செய்த பால் விற்பனைக்கு வந்தது. அது பின்னர் 'பிளாமில்' என்று பெயர் பெற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் சோயா, ஓட்சு, பாதாம் பால்களில் பலவற்றில் கால்சியமும் பி12உம் சேர்க்கப்படுகின்றன. சேர்க்கப்படாதவையும் உண்டு என்பதால் உறையைப் படித்து வாங்குவது அவசியம். தேங்காய்ப்பால் சமையலுக்குச் சிறந்தது. ஆனால் புரதத்திலும் கால்சியத்திலும் அது மாட்டுப்பாலுக்கு ஈடாகாது.

தமிழர் அடுப்படியில்

தமிழர் சமையலில் நனிசைவ உணவு பெயரின்றியே இருந்து வருகிறது. உழைக்கும் மக்களின் வீட்டில் நெய்யும் தயிரும் நாள்தோறும் புழங்கியவை அல்ல. கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, சோளச்சோறு, நீராகாரம், துவையல், கீரைக் கடைசல், புளிக்குழம்பு ஆகியவையே பசியாற்றின. இது கொள்கையால் வந்த விலக்கன்று, வறுமையால் வந்தது. வாய்ப்புக் கிடைத்தபோது கருவாடும் மோரும் அதே தட்டில் இடம்பெற்றன. ஆகவே முன்னோர் யாவரும் நனிசைவர் என்று கூறுவது தவறு. பாலின்றிச் சுவையாகச் சமைக்கும் கைப்பக்குவத்தை அவர்கள் விட்டுச் சென்றுள்ளனர் என்று கூறுவதே பொருந்தும்.

இட்லி, தோசை, சாம்பார், இரசம், சுண்டல், புட்டும் கடலைக்கறியும், இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இயல்பாகவே விலங்குப் பொருள் இல்லாதவை. கவனிக்க வேண்டிய இடங்களும் உள்ளன. பொங்கலிலும் தாளிப்பிலும் நெய் சேரும். அவியலில் தயிர் சேரும். உணவகப் பரோட்டா மாவில் முட்டையோ பாலோ இருக்கலாம். இலங்கைச் சம்பலில் மாசிக்கருவாடு சேர்ப்பதுண்டு. நெய்க்கு மாற்றாக நல்லெண்ணெயும், அவியலில் தயிருக்கு மாற்றாகப் புளிப்பு மாங்காயும் பயன்படும்.

தொடங்குவோர்க்கான அன்றாடத் தட்டு

ஏறத்தாழ நூறாண்டுச் சோதனையில் தெளிவானவற்றை ஒரு நாள் உணவில் அடக்கலாம். காலையில் இட்லியோ கேழ்வரகு அடையோ, நிலக்கடலைச் சட்னியுடன். நண்பகலில் சோறு, சாம்பார், கீரை, ஒரு காய்ப் பொரியல். மாலையில் சுண்டலும் ஒரு பழமும். இரவில் இடியாப்பமும் பாசிப்பருப்பு சேர்த்த சொதியும்.

இத்தட்டில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தானியத்தில் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனைன் தானியத்தில் உண்டு. இரண்டும் ஒரு நாளைய உணவில் சேர்ந்தால் புரதம் நிறைவடைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. எள்ளும் கால்சியம் தருவது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றின் உயிர்ச்சத்து சி உதவுகிறது. சாப்பிட்டவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கிறது. இந்தத் தட்டால் பி12ஐத் தர முடியாது. அதை மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ தனியே பெற வேண்டும். கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் மருத்துவரின் அறிவுரையோடு தொடங்குவது பாதுகாப்பானது.

1994இல், சங்கத்தின் பொன்விழாவையொட்டி, நவம்பர் 1 உலக நனிசைவ நாளாக அறிவிக்கப்பட்டது. டொனால்ட் வாட்சன் 2005 நவம்பரில் தம் 95ஆம் வயதில் காலமானார். பாலுக்கு ஈடான உணவைக் காட்டுவோர் உண்டா என்று காந்தி கேட்ட கேள்விக்கு இன்று சொல்லக்கூடிய விடை எளியது: தானியம், பருப்பு, கீரை, எள், பழம், அவற்றோடு ஒரு சிறு மாத்திரை.