கப்பல் மறந்த ஊர்கள்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போய்வந்தோம் என்று சொன்னதும், "இந்த வயதில் எதற்கு இந்த வேலை?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு 71, என் மனைவிக்கு 68. பழைய வேன் ஒன்றில் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆசாரியை வைத்துப் பலகைக் கட்டில் அடித்துக்கொண்டோம். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர், மாத்திரை டப்பா. நாளொன்றுக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. வழியில் இருக்கும் உறவினர், நண்பர் வீடுகளை எல்லாம் பார்த்துவிடுவது என்பதுதான் திட்டம்.

ரயில்வே கணக்குப் பிரிவில் 36 ஆண்டுகள் இருந்தவன் நான். எந்த ஊரைப் பார்த்தாலும் எந்த ஜங்ஷனிலிருந்து எத்தனை மைல் என்றுதான் மனம் கணக்குப் போடும். இந்தப் பயணத்தில் அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. இந்த ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவை. இன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும், உள்ளே செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளும் இருக்கின்றன. மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்து கப்பலேறியது. பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியை ஐயர் கூட் தோற்கடித்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே ஊரில் 1830 வாக்கில் ஹீத் என்பவர் இரும்பு ஆலை நடத்தி, இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பினார் என்பது பலருக்குத் தெரியாது. கரி கிடைக்காமலும் பணம் போதாமலும் அது நின்றுபோனது.

தரங்கம்பாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் நண்பர். மாலையில் டேனிஷ் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்து பேசினோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே வந்தார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். சில ஆண்டுகளிலேயே அச்சுக்கூடம் வந்தது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பிறகு மான்செஸ்டர் துணி வந்து நம் நெசவாளர் பிழைப்பைக் கெடுத்தது. கப்பல் வரவும் குறைந்தது. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

நண்பர் என்னைச் சீண்டினார்: "டேனிஷ்காரனாவது விலை பேசிவிட்டுப் போனான் சார். உங்க ரயில்வே சொல்லாமல் கொள்ளாமல் போனது." மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த ரயில், 1986இல் நிறுத்தப்பட்டது. அறுபது வருஷம். பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிச்சமுள்ள கோயிலைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்தில்தான் நான்கு நாள் தங்கினோம். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் இருவர் குடும்பத்துக்கும் மூலம் அந்த ஊர்தான்.

தென்னிந்திய ரயில்வேக்கு முன்னோடியான கம்பெனி, 1861இல் முதலில் ரயில் விட்டது நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு. உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரத்தான் அந்தப் பாதை. பட்டறையும் நாகையில் இருந்தது. என் தாத்தா அங்கே ஃபிட்டர். 1920களின் கடைசியில் பட்டறையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது, மூட்டை முடிச்சோடு கிளம்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால்தான் நான் பொன்மலைக்காரன்.

என் மனைவியின் குடும்பம் எதிர்த் திசையில் போனது. அவளுடைய பெரியப்பா 1949இல் மலேயாவுக்குக் கப்பலேறினார். அதைக் கண்ணால் பார்த்தவர் சித்தப்பா. இப்போது அவருக்கு 88 வயது. நாகை வீட்டில் தனியாக இருக்கிறார்.

"கப்பல் கரைக்கு வராது மாப்பிள்ளை. நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். படகுலதான் ஏத்திக்கிட்டுப் போவாங்க. அண்ணன் படகுல நின்னுக்கிட்டுக் கையை ஆட்டுச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. அலையில படகு இறங்கும்போதெல்லாம் அண்ணன் மறைஞ்சிடும், ஏறும்போது தெரியும். கடைசியா ஒரு தடவை இறங்கினது, அப்புறம் தெரியல."

அந்தக் கப்பல் ரஜுலா. 1926இல் கட்டியது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நம் பக்கத்தில் எத்தனை வீடுகள் அதனால் வாழ்ந்தன, எத்தனை வீடுகள் அதனால் பிரிந்தன என்பதற்குக் கணக்கில்லை. அதற்குப் பின் சிதம்பரம் என்ற கப்பல் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்தபின் பயணிகள் கப்பலே நின்றுவிட்டது.

பெரியப்பா வேலை பார்த்த மளிகைக் கடை சுங்கைப்பட்டாணியில் இருந்தது. அது கெடா மாநிலத்து ஊர். கெடாவைத்தான் நம் முன்னோர் கடாரம் என்றார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசர் நாகையில் சூடாமணி விகாரம் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழர் தானமாகக் கொடுத்தார். செப்பேட்டில் இருக்கும் செய்தி இது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசர்கள் போய்வந்த அதே கடல்வழியில்தான், ஒரு தகரப் பெட்டியோடு கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் போயிருக்கிறார். நாகையில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள்.

பெரியப்பா இரண்டு முறைதான் ஊருக்கு வந்தார். தாயார் இறந்தபோது தந்தி போய், கப்பல் கிடைத்து, அவர் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவரும் அங்கேயே காலமானார். கப்பலும் நின்று, கடிதமும் குறைந்து, அவர் பேரப்பிள்ளைகள் யார் என்றே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. சித்தப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் 31 கடிதங்கள் வைத்திருந்தார். என் மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் படித்துக் காட்டினாள். அவருக்கு இப்போது கண் தெரியாது.

வேதாரண்யத்தில் என் மனைவியின் அக்கா வீடு. உப்பளத்தின் வழியாகப் போகும்போது கண் கூசுகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு 150 மைல் நடந்து 28ஆம் தேதி இங்கே வந்தார். 30ஆம் தேதி உப்பெடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பார்கள். அக்கா அதைச் சொல்லிக்கொண்டே எங்களுக்கு நான்காவது தோசை போட்டார். வேண்டாம் என்றால் கேட்கிற வீடா அது?

கடைசியாக ராமேஸ்வரம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் போவதை நின்று பார்த்தேன். 1914இல் பழைய பாலம் வந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே ரயிலேறிக் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் எல்லாவற்றையும் முடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. பாலத்தை 46 நாளில் ஸ்ரீதரன் தலைமையில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடியை யாரும் சரிசெய்யவில்லை. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் இப்போது சங்கு, பாசிமணி விற்கிறார்கள்.

பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். அது சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கிடைத்தது. சின்னத் துறைகள் மண் மூடின. காரணம் சுலபமாகப் புரிகிறது. ஆனால் துறைமுகம் மூடினால் சரக்கு வேறு வழியில் போய்விடும், உறவு அப்படிப் போவதில்லை. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் போனபோது, மலேசியாவில் இருக்கும் எங்கள் உறவினருக்கு இங்கே யாரை விசாரிப்பது என்றுகூடத் தெரிந்திருக்காது.

அந்தக் கடிதங்களில் இருந்த முகவரிகளையும் பெயர்களையும் என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு முகவரிக்குத் தபால் போட்டிருக்கிறோம். நம் நண்பர்கள் வீட்டிலும் பழைய கப்பல் சீட்டோ, அயல்நாட்டுத் தபால்தலை ஒட்டிய உறையோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும்போதே படியுங்கள்.