கிளாடியேட்டர் ஆவணப்படங்கள்: வரலாற்றுத் துல்லியம்

ரோமானிய அரங்குகளில் ஆயுதமேந்திப் பொருத கிளாடியேட்டர்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படங்கள் 2000-க்குப் பிறகு தனி வகையாகவே பெருகின. அந்த ஆண்டு வெளிவந்த ரிட்லி ஸ்காட்டின் ‘கிளாடியேட்டர்’ திரைப்படத்தின் வெற்றி அதற்கு முக்கியக் காரணம். தலைக்கவசம், கேடயம், வாள் ஆகியவற்றில் இப்படங்கள் பெரிதாகத் தவறுவதில்லை. பொம்பெய் நகரில் கிளாடியேட்டர்கள் தங்கிய கட்டடத்தை 18-ஆம் நூற்றாண்டில் தோண்டியபோதே அசல் கவசங்கள் கிடைத்துவிட்டன. ஜெர்மானிய ஆய்வாளர் மார்க்குஸ் யுங்கெல்மான் அவற்றின் மாதிரிகளைச் செய்து, ஆட்களுக்கு அணிவித்துச் சண்டையிடவே வைத்துப் பார்த்தார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சான்று முடிந்த பிறகும் கதை முடிவதில்லை.

சில காட்சிகள் தொலைக்காட்சிக்கு முன்பே உறைந்துபோனவை. தோற்றவனைக் கொல்லச் சொல்லிக் கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டும் காட்சியை உலகெங்கும் பரப்பியது பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1872-இல் தீட்டிய ஓவியம். ஸ்காட்டுக்குத் தூண்டுகோலாக இருந்ததும் அதே ஓவியம்தான். விரல் எந்தப் பக்கம் திரும்பியது என்று பண்டைய நூல்கள் தெளிவாகச் சொல்லவில்லை. சாகப்போகிறவர்கள் பேரரசருக்குச் சொல்லும் புகழ்பெற்ற வணக்கமும் இப்படித்தான். கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ் இத்தாலியின் ஃபூசினோ ஏரியில் நடத்திய போலிக் கடற்போரில், மரண தண்டனைக் கைதிகள் அதைச் சொன்னதாகப் பதிவு உண்டு. கிளாடியேட்டர்கள் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அதை முழங்கினார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் பின்னணி இசைக்கு இவ்வளவு பொருத்தமான வசனத்தை எந்தத் தயாரிப்பாளர் விடுவார்?

2003-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘கொலோசியம்: ரோம்ஸ் அரீனா ஆஃப் டெத்’ இவ்வகைக்கு அச்சாக அமைந்தது. கி.பி. 80-இல் பேரரசர் டைட்டஸ் கொலோசியத்தைத் திறந்துவைத்த விழாவில் பிரிஸ்கஸ், வெரஸ் என்ற இருவர் மோதியதைக் கவிஞர் மார்ஷியல் பாடியிருக்கிறார். இருவரும் சளைக்காமல் பொருதார்கள், ஒரே நேரத்தில் பணிந்தார்கள், டைட்டஸ் இருவருக்குமே வெற்றிச் சின்னமும் விடுதலையைக் குறிக்கும் மரவாளும் அளித்தார். அவர்களைப் பற்றி அந்தக் கவிதைக்கு வெளியே நமக்கு எதுவும் தெரியாது. படமோ வெரஸை பால்கன் பகுதி மாகாணமான மோயிசியாவில் பிடிபட்ட அடிமையாக்கி, கல்குவாரியில் வேலை செய்யவைத்து, பயிற்சிப் பள்ளி வழியாக அரங்கத்துக்கு அழைத்து வருகிறது. அப்படிப் போனவர்கள் இருந்தார்கள் என்பதால் இதை அபத்தம் என்று தள்ள முடியாது. ஆனால் பொதுவாக நடந்ததையும் இவனுக்கு நடந்ததையும் ஒரே குரலில் சொன்னால், எது கவிதையில் உள்ளது, எது திரைக்கதையில் உள்ளது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? 2022-இல் ஹிஸ்டரி சேனல் எட்டுப் பகுதிகளாகத் தந்த ‘கொலோசியம்’ தொடரும் இதே இருவரிடம்தான் தொடங்கியது. பெயரோடும் சண்டை விவரத்தோடும் ஒரு மோதலைச் சொல்லும் கவிதை அது ஒன்றுதான் என்னும்போது வேறு வழியுமில்லை.

மரணக் கணக்கில் ஏற்பட்ட மாற்றம் வரவேற்கத்தக்கது. பழைய படங்களில் ஒவ்வொரு மோதலும் ஒரு பிணத்தோடு முடியும். பிரெஞ்சு வரலாற்றாளர் ஜார்ஜ் வில், முதல் நூற்றாண்டில் நூறு மோதல்களுக்கு ஏறத்தாழ 19 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார். அதாவது ஐந்தில் நான்கு மோதல்களில் இருவரும் உயிரோடு வெளியேறினார்கள். பயிற்சி பெற்றவன் விலையுயர்ந்த முதலீடு; உரிமையாளர் அவனை எளிதில் சாகவிட மாட்டார். துருக்கியின் எபேசஸில் 1993-இல் ஆஸ்திரியக் குழு கண்டெடுத்த இடுகாடு இதற்கு உடற்சான்று தந்தது. 60-க்கும் மேற்பட்டோரின் எலும்புகளை ஆராய்ந்த ஃபேபியன் கான்ஸ், கார்ல் கிராஸ்ஷ்மிட் இருவரும் நன்கு ஆறிய காயங்களையும், பார்லியும் பயறுமாக இருந்த உணவையும், கட்டுப்பாடான ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையின் தடயங்களையும் கண்டனர். பிபிசியின் ‘டைம்வாட்ச்’ தொடர் 2007-இல் இதைப் படமாக்கியது. எலும்பு சொல்வதைக் கேட்டுவிட்டு அதற்குமேல் அதிகம் பேசாத படம் என்பதால் இவ்வகையில் நம்பத்தக்கவற்றுள் அதுவும் ஒன்று.

அமெரிக்காவின் ‘நோவா’ தொடர் 2015-இல் வேறு பாதை எடுத்தது. கொலோசியத்தின் நிலவறையிலிருந்து விலங்குகளை ஏற்றிய மரத்தூக்கியை அந்த இடத்திலேயே மறுபடி கட்டி, ஓர் ஓநாயை அரங்கத்துக்கு ஏற்றிக் காட்டியது.

ஒரே எலும்புகளை வைத்து இரண்டு கதைகள் சொல்லப்பட்ட விந்தை இங்கிலாந்தின் யார்க் நகரில் நடந்தது. ட்ரிஃபீல்ட் டெரஸ் என்னுமிடத்தில் 2004-05 அகழாய்வில் சுமார் 80 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரும்பாலும் இளைஞர்கள், வலுவான உடலினர். பலருடைய தலை துண்டிக்கப்பட்டிருந்தது. 2006-இல் ‘டைம்வாட்ச்’ இவர்களைக் கி.பி. 211-இல் பேரரசர் கரகல்லா தன் தந்தை செவெரஸ் யார்க்கில் இறந்ததும் நடத்திய களையெடுப்பின் பலிகள் என்றது. ஆனால் அடக்கங்கள் ஒரே நாளில் நடந்தவை அல்ல, பல தலைமுறைகளாகப் பரவியவை. ஒரு படுகொலை அவ்வளவு காலத்துக்கு நீளாது. 2010-இல் சேனல் 4-இன் ‘கிளாடியேட்டர்ஸ்: பேக் ஃப்ரம் த டெட்’ அதே மனிதர்களைக் கிளாடியேட்டர்கள் என்று அறிமுகம் செய்தது. சமமற்ற கை வளர்ச்சியும் ஒருவர் இடுப்பெலும்பில் இருந்த பெரிய விலங்கின் கடித்தடமும் அதன் ஆதாரங்கள். படைவீரர்களாகவும் இருக்கலாம் என்ற கருத்து விவாதத்திலேயே இருந்தது. ரோமானிய பிரிட்டனில் தலை துண்டித்த அடக்கங்கள் வேறு இடங்களிலும் உண்டு. நிகழ்ச்சித் தலைப்பில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை.

2025-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அந்தக் கடித்தடம் பெரும்பாலும் சிங்கத்தினுடையது என்றது. விலங்கும் மனிதனும் அரங்கில் மோதியதற்கு ஐரோப்பாவில் கிடைத்த முதல் எலும்புச் சான்று என அது பேசப்பட்டது. அதனாலேயே அந்த மனிதன் கிளாடியேட்டர் ஆகிவிட மாட்டான். ரோமில் வழக்கமான நிகழ்ச்சி நிரலில் காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் தண்டனைக் கைதிகளின் கொலை, பிற்பகலில்தான் கிளாடியேட்டர் சண்டை. சிங்கத்தோடு மோதியவர்கள் வேட்டைக்காரர்கள் என்ற தனிப் பிரிவினர், அல்லது சாகவே அனுப்பப்பட்டவர்கள்.